சுட்ட கோழிக்கு எந்த மாநிலம்?

பாலக்காட்டு எல்லையிலும் மறையூர் மலையிலும் கொங்குச் சமையலும் கேரளச் சமையலும் ஒரே கரி அடுப்பில் சேர்ந்து வேகின்றன. தட்டில் எல்லைக்கோடு இல்லை. சோதனைச் சாவடியிலும் வாடிக்கையாளர் மனதிலும் இருக்கிறது.

மாலை ஆறரை மணி. பொள்ளாச்சியிலிருந்து வரும் சாலை கோவிந்தாபுரத்தில் மாநிலத்தை மாற்றிக்கொண்டு முதலமடை, கொல்லங்கோடு என்று மேற்கே போகிறது. இடதுபக்கம் நெல்லியாம்பதி மலைத்தொடர் நீலம் போய்க் கறுப்பாகிக்கொண்டிருக்கிறது. மாந்தோப்புகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு கடை. பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் மேஜைகள். வாசலில், நெடுக்காகப் பிளந்த எண்ணெய் பீப்பாய் இரும்புக் கால்களில் நிற்கிறது. உள்ளே கரி, மேலே கம்பி வலை, வலைமேல் பிளந்து விரித்த கோழிகள். அசாமிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் ஒரு கையால் விசிறியைத் திருப்பியபடி மறுகையால் கோழியைப் புரட்டுகிறார். சொட்டும் கொழுப்பு கரியில் விழுந்து புகைகிறது. அந்தப் புகைதான் கடையின் விளம்பரம். சாலையில் போகும் கார்கள் பெயர்ப்பலகையைப் படித்து நிற்பதில்லை. மூக்கை நம்பி நிற்கின்றன.

பலகையும் இருக்கிறது. பாதி தமிழ், பாதி மலையாளம். உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. மலையாளப் பகுதியில் மாட்டிறைச்சி உண்டு. தமிழ்ப் பகுதியில் அந்த வரி இல்லை. இரண்டு பகுதியிலும் மாறாமல் இருப்பது ஒரே பெயர்: சுட்ட கோழி. எழுத்துத்தான் வேறு, சொல் ஒன்றே. அடியில் சின்னதாக 'பார்பிக்யூ' என்றும் எழுதியிருக்கிறது. அது காரில் வரும் கல்லூரிப் பையன்களுக்காக.

கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். கொல்லங்கோட்டுக்காரர். சவூதியில் ஓர் உணவகச் சமையலறையில் 14 ஆண்டுகள் கரி அடுப்பின் முன் நின்றவர். கூட்டாளி உடுமலைப்பேட்டையில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். முதல் பேச்சே ஒரு வேண்டுகோள்: "சார், கடைப் பெயரைப் போட வேண்டாம். கோழிக்கடைக்குப் பத்திரிகைக்காரர் வந்தார் என்றாலே, யாரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று ஊர் நினைக்கும்." வேடிக்கையாகச் சொன்னாலும் அவர் சிரிக்கவில்லை. கடந்த சில ஆண்டுகளில் கேரளத்தில் கரி அடுப்பு வைத்திருக்கும் எல்லோரையும் பிடித்திருக்கும் பயம் அது. ஆகவே பெயர் இல்லை.

காந்தாரியும் சின்ன வெங்காயமும்

உட்கார்ந்ததும் பரிமாறுபவர் கேட்கிறார்: "அண்ணா, காந்தாரியா, பள்ளிபாளையமா?" இந்தக் கேள்வியில்தான் கடையின் முழுச் சமையலும் அடங்கியிருக்கிறது.

காந்தாரி என்பது கேரளத்தின் ஊசி மிளகாய். நகத்தளவுதான் இருக்கும், வானத்தைப் பார்த்துக் காய்க்கும். மகாபாரதத்துக் காந்தாரி தன் கண்ணைக் கட்டிக்கொண்டாள். இந்தக் காந்தாரி மற்றவர் கண்ணில் நீர் வரவழைக்கிறாள். பச்சைக் காந்தாரியை இஞ்சி, பூண்டு, குறுமிளகு, எலுமிச்சைச் சாறு, தேங்காய் எண்ணெயோடு அரைத்துப் பூசி, சில மணி நேரம் ஊறவிட்டுத் தணலில் வைத்தால் அது காந்தாரி அல்ஃபஹம். ஃபஹம் என்றால் அரபியில் கரி. வளைகுடாவின் கரிக்கோழி கேரளத்துக்கு வந்து, உள்ளூர் மிளகாயைப் பூசிக்கொண்டு, இன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை நகரத்துக்கு நகரம் கிடைக்கிறது. அரேபியாவில் இதைத் தின்றவருக்குப் பச்சை நிறத்தில் இப்படி ஒரு கோழி வந்தால் அடையாளம் தெரியாது.

பள்ளிபாளையம், ஈரோட்டுக்குக் காவிரியின் மறுகரையில் இருக்கும் ஊர். அந்தப் பெயரில் வழங்கும் கோழி வறுவலுக்குக் கரம் மசாலா கிடையாது. சின்ன வெங்காயம், கிள்ளிப்போட்ட வற்றல் மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல், எண்ணெய். அவ்வளவுதான். இந்தக் கடை செய்வது என்னவென்றால், கோழியை முதலில் உப்பும் மஞ்சளும் மட்டும் தடவிக் கரியில் சுட்டுவிடுகிறார்கள். பிறகு எலும்போடு துண்டுகளாக்கி, தோசைக்கல்லில் வெங்காயமும் மிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டுப் புரட்டுகிறார்கள். முதல் பாதி அரேபியா, இரண்டாம் பாதி ஈரோடு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் கொல்லங்கோட்டுக்காரர்.

தொட்டுக்கொள்ளவும் இரண்டு மாநிலம். வேகவைத்து, தேங்காயும் மஞ்சளும் சேர்த்துக் கிளறிய மரவள்ளிக்கிழங்கை மலையாளி 'கப்ப' என்கிறார். பக்கத்து மேஜையில் பொள்ளாச்சிக்காரர் 'குச்சிக்கிழங்கு' என்று கேட்டு வாங்குகிறார். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர் இது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் வயிற்றைக் காத்தது. அதே கிழங்கு சேலத்துக்குப் போய் ஜவ்வரிசி ஆனது. மலைக்கு ஒருபுறம் சோறு, மறுபுறம் ஆலைச் சரக்கு. இந்த மேஜையில் அது மறுபடியும் சோறாகிவிட்டது.

பரோட்டாவுக்குக் குழம்பு ஊற்றுவதில்தான் கருத்து வேறுபாடு. தமிழ்நாட்டுக்காரர் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, முங்கும் அளவுக்குச் சால்னா கேட்கிறார். கேரளத்துக்காரர் துளி குழம்பை ஓரத்தில் வைத்துத் தொட்டுக்கொள்கிறார். கடை இதைத் தீர்க்க முயலவில்லை. வாளி ஒன்று, கிண்ணம் ஒன்று என்று இரண்டையும் மேஜையில் வைத்துவிடுகிறது.

ருசி? காந்தாரிக் கோழி முதல் கடியில் ஒன்றும் செய்வதில்லை. மூன்றாவது கடியில் காது சூடாகிறது. பள்ளிபாளையம் அப்படி ஒளிந்து தாக்குவதில்லை. கரிப்புகையும் வதங்கிய வெங்காயத்தின் இனிப்பும் சேர்ந்து வருகிறது. தேங்காய்ப் பல் கடிபடும் இடத்தில் இரண்டு சமையலும் உண்மையாகவே சந்திக்கின்றன. தேங்காய் இல்லாமல் சமைக்கத் தெரியாதவர்கள் பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கமும் இருக்கிறார்கள்.

கணவாய் காட்டிய வழி

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்கும்போது, பாலக்காட்டில் மட்டும் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்திருக்கிறது. காற்றும் மழையும் அந்த வாசல் வழியாகத்தான் கோயமுத்தூருக்கு வருகின்றன. மேற்குக் கரைத் துறைமுகங்களிலிருந்து மிளகு வணிகர்கள் கொங்கு நாட்டுக்கு வந்ததும் அந்த வழியில்தான். கோவை வட்டாரத்தில் கிடைத்திருக்கும் ரோமானிய நாணயங்கள் அதற்குச் சாட்சி. சேரர் ஆட்சியில் கொங்கும் குடநாடும் பிரிந்திருக்கவில்லை. சுட்ட இறைச்சியும் புதிதல்ல. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பாடி வந்தவர்களுக்குக் கொடுத்த விருந்தில் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி இருக்கிறது. பொருநர் தின்று சலித்துப் போகும் அளவுக்கு!

கோடு வந்தது பின்னால். இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் பகுதி பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. மொழிவழி மாநிலங்கள் பிறந்த அன்று இரண்டும் கேரளமாயின. ஆனாலும் சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வரிசையாக வரும் எல்லை ஊர்களில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு மாநிலத்திலும் நடக்கிறது. பழனிக்குப் போகும் மலையாளிகள் இந்த வழியாகப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. சித்தூர்த் தென்னைகளிலிருந்து இறங்கும் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு வண்டியேறிப் போகிறது. கேரளத்துக் கள்ளுக்கடைகளின் காரசாரமான கறிகளே இன்றைய கரி அடுப்புக் கடைகளுக்குப் பாதி குரு.

சண்டை இல்லாமலும் இல்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகச் சித்தூருக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வரவேண்டும். கோடை வந்தால் வரவில்லை என்று இங்கே போராட்டம். கொடுத்தாயிற்று என்று அங்கே பதில். சாலையோர மேஜையில் ஒரே வாளியிலிருந்து குழம்பு ஊற்றிக்கொள்பவர்கள், ஒரே ஆற்றின் நீருக்கு இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

மயோனைஸ் போன பின்

மேஜையில் ஒன்று குறைகிறது. அல்ஃபஹத்தோடு வழக்கமாக வரும் வெள்ளை மயோனைஸ். அதன் இடத்தில் சின்ன வெங்காயமும் காந்தாரியும் புளியும் சேர்த்து நசுக்கி, தேங்காய் எண்ணெய் ஊற்றிய உள்ளிச் சம்மந்தி. இந்த மாற்றத்துக்குக் காரணம் சமையல்காரரின் கற்பனை அல்ல, இரண்டு மரணங்கள்.

2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஒரு கடையில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஷிகெல்லா கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 2023 ஜனவரி முதல் வாரத்தில் கோட்டயத்தில் ஓர் இளம் செவிலியர் இறந்தார். அவர் சாப்பிட்டது அல்ஃபஹம். அந்த மாதமே கேரள அரசு பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தடை செய்தது. உணவுப் பொட்டலங்களில் எப்போது சமைத்தது, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று ஒட்ட வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. உணவைக் கையாளும் ஊழியர்களுக்கு மருத்துவச் சான்று கட்டாயமானது. எல்லைக்கு இந்தப் பக்கமும் பாடம் கற்க ஒரு சாவு தேவைப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு ஓராண்டுத் தடை விதித்தது 2025 ஏப்ரலில்.

நெருப்பில் சுட்ட உணவில் எப்படி விஷம்? கேள்வி நியாயமானது. பதில் நெருப்பின் இயல்பில் இருக்கிறது. கரி அடுப்பு வெளித்தோலை வேகமாகக் கருக்கிவிடும். உள்ளே, தொடை எலும்பை ஒட்டிய சதைக்குச் சூடு மெதுவாகத்தான் போகிறது. பார்வைக்கு வெந்த கோழி, எலும்போரத்தில் வேகாமல் இருக்கலாம். கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால்தான் அதிலுள்ள சால்மொனெல்லா போன்ற கிருமிகள் சாகும். இரண்டாவது ஆபத்து, பச்சைக் கோழியை வெட்டிய பலகையிலும் கத்தியிலும் வெந்த கோழியை வைப்பது. மூன்றாவது, சுட்டதை ஆறவிட்டு மணிக்கணக்கில் வெளியே வைத்துவிட்டு, கூட்டம் வந்ததும் லேசாகச் சூடு காட்டிக் கொடுப்பது. பச்சை முட்டை மயோனைஸ் வெயிலில் நின்றால் கிருமிகளுக்கு அதுவே தொட்டில்.

2023 ஜனவரிக்குப் பிறகு இரண்டு மாதம் கடையில் ஈ ஓட்டியதாகச் சொல்கிறார் கடைக்காரர். மூடிவிடலாம் என்று கூட்டாளி சொன்னாராம். இவர் மூடவில்லை. சவூதியில் பழகிய ஒன்றைத் தேடி வாங்கினார்: இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி. இப்போது அந்த அசாம் இளைஞர் ஒவ்வொரு கோழியின் தொடையிலும் அதைக் குத்தி, எண்ணைப் பார்த்துத்தான் இறக்குகிறார். பச்சை இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, வெந்ததற்கு வெள்ளை. முட்டையில்லாத மயோனைஸ் சந்தையில் கிடைக்கிறது. ஆனால் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் வாடிக்கையாளர் தட்டைத் தள்ளிவைத்தார்கள். அப்போதுதான் வீட்டில் கஞ்சிக்கு அரைக்கும் சம்மந்தி மேஜைக்கு வந்தது. கொங்குப் பக்கத்துக்காரர்கள் அதை வெங்காயத் துவையல் என்று உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். இந்தக் கடையின் கலப்புச் சமையலுக்கு அரசாணையும் ஒரு பங்காளி.

சாவடியில் நிற்கும் கோழி

தட்டில் இருக்கும் பொருள்களின் ஊரைக் கேட்டால் எல்லை இன்னும் மங்குகிறது. கோழி உடுமலையிலிருந்து. பல்லடமும் உடுமலையும்தான் தென்னிந்தியாவின் கறிக்கோழிக் களம். நிறுவனங்கள் குஞ்சும் தீவனமும் கொடுக்க, விவசாயி வளர்த்துக் கொடுத்துக் கூலி பெறும் ஒப்பந்த முறை இங்கேதான் வேர்விட்டது. சின்ன வெங்காயமும் காய்கறியும் கொங்கிலிருந்து. காந்தாரியும் மிளகும் கேரளத்து மலையிலிருந்து. கரியோ தேங்காய்த் தொட்டிக்கரி. காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரத்துச் சரக்கு. விறகுக்கரியைவிடச் சூடு அதிகம், புகை குறைவு என்கிறார் கடைக்காரர். புகை அவருக்குத்தான் குறைவு. தொட்டியைச் சுட்டுக் கரியாக்கும் இடத்தில் காற்றும் கிணற்று நீரும் கெடுவதாகக் காங்கேயம் வட்டாரத்து உழவர்கள் போராடி வந்திருக்கிறார்கள். சுட்ட கோழியின் மணம் ஓர் ஊரில். அதற்கான புகை வேறோர் ஊரில்.

மாட்டிறைச்சிக்கும் இதே கதை. செவ்வாயும் வியாழனும் கூடும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு முக்கிய வாடிக்கையாளர் கேரளம். 2017 மே மாதம் மத்திய அரசு சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் விதிகளை வெளியிட்டபோது இந்தச் சந்தையும் கலங்கியது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

அதே ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. வாளையாரில் மைல் கணக்கில் நின்ற லாரி வரிசை பழங்கதையானது. கோழி மீதிருந்த வரி போய்விட்டதால் கிலோ 87 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் அறிவித்தார். வியாபாரிகள் கடையை அடைத்தார்கள். கோழியின் விலையைத் திருவனந்தபுரம் மட்டும் முடிவு செய்துவிட முடியாது, பல்லடத்தையும் கேட்க வேண்டும் என்பதைக் கேரளம் அன்று கண்டுகொண்டது. குடும்பஸ்ரீ பெண்களைக் கொண்டு 'கேரள சிக்கன்' திட்டத்தை அரசு வளர்ப்பதற்கு இந்தச் சார்பும் ஒரு காரணம்.

வரிச் சாவடி போனாலும் வேறு தடைகள் வந்துகொண்டிருக்கின்றன. 2014, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆலப்புழைப் பகுதியில் பறவைக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் தமிழ்நாடு எல்லையில் கண்காணிப்பை இறுக்கியது. கேரளத்திலிருந்து வரும் வண்டிகளின் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி. நோய் குட்டநாட்டு வாத்துக்கு. வியாபாரம் படுத்தது கோவிந்தாபுரத்துக் கோழிக்கு. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது கூட்டாளிகள் இருவரும் எல்லைக்கு ஆளுக்கொரு பக்கம் இருந்துகொண்டு, அனுமதிச் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் முகம் பார்க்கவில்லை. அதற்கும் முன்பு, 2011 டிசம்பரில், முல்லைப் பெரியாறு பிரச்சினையில் இடுக்கி மாவட்டத்துக் குமுளி எல்லை கொந்தளித்தது. கம்பம்-குமுளிச் சாலையில் போக்குவரத்து நின்றது. ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போன தமிழர்கள் பயந்து திரும்பினார்கள். காய்கறி இங்கே அழுகியது, விலை அங்கே ஏறியது. எல்லை ஊர்க்காரர்கள் இதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். மறுநாள் அதே முகங்களுக்குச் சோறு போட வேண்டியவர்கள் அவர்கள்.

வனசுந்தரி வந்த வழி

சுட்ட கோழிக்கு அரேபியாதான் மூலம் என்று நினைத்தால் பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கு மூலைக்குப் போய்வர வேண்டும். ஆனைகட்டிக்கு அப்பால் அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் வாழும் மலை. இருளர் பேச்சு தமிழுக்கு நெருங்கிய உறவு. இங்கிருந்து வந்ததுதான் 'வனசுந்தரி'. கோழியை வேகவைத்து, பச்சைக் கொத்தமல்லி, மிளகாய், மிளகு, மலைத் தழைகள் சேர்த்து அரைத்த பச்சை விழுதோடு சூடான கல்லில் போட்டுக் கொத்திப் புரட்டுகிறார்கள். குடும்பஸ்ரீயின் பழங்குடிப் பெண்கள் உணவுத் திருவிழாக்களில் செய்து காட்டிய பண்டம். 2023 நவம்பர் முதல் வாரத்தில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளீயம் விழாவில் இதற்காக நீண்ட வரிசை நின்றது. தலைநகரத்து மக்கள் அட்டப்பாடியின் பெயரை ஒரு நல்ல செய்தியோடு சேர்த்துச் சொன்ன அபூர்வமான வாரம் அது.

ஏனென்றால் பத்து ஆண்டுகளுக்கு முன், 2013-ல், அட்டப்பாடி செய்தியில் அடிபட்டது ஊட்டச்சத்தின்றி இறந்த பச்சிளங்குழந்தைகளுக்காக. நிலம் கைமாறி, ராகியும் சாமையும் தினையும் விளைந்த புனங்கள் சுருங்கி, ரேஷன் அரிசியோடு நின்றுபோன மக்களின் கதை அது. அதன்பின் அங்கே சமூகச் சமையற்கூடங்கள் தொடங்கப்பட்டன. அவற்றை நடத்தியதும் குடும்பஸ்ரீதான். சிறுதானியத்தை மீட்கும் திட்டங்கள் வந்தன. பசியால் பெயர் கெட்ட ஊர், சமையலால் பெயர் வாங்கியிருக்கிறது. வனசுந்தரியின் புகழ் ஊரின் எல்லா அடுப்புக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. விழாப் பந்தலில் வரிசையில் நின்றவர்கள் அதைக் கேட்கவில்லை.

கோவிந்தாபுரத்துக் கடைக்காரரும் வனசுந்தரியைத் தன் பலகையில் சேர்க்கலாமா என்று யோசித்திருக்கிறார். பிறகு விட்டுவிட்டார். அந்தத் தழைகள் தன்னிடம் இல்லை, பெயரை மட்டும் வைத்து ஏமாற்ற மனமில்லை என்கிறார். கேரளத்தில் பலர் அவ்வளவு யோசிக்கவில்லை.

மறையூர் மலையில்

பாலக்காடும் இடுக்கியும் கேரளத்தின் மாவட்டங்கள்தான். ஆனால் கோவிந்தாபுரத்திலிருந்து இடுக்கியின் வடகோடிக்குப் போக நேர்வழி தமிழ்நாட்டுக்குள் புகுந்து வருவதே. பொள்ளாச்சி, உடுமலை, அமராவதி அணை, பிறகு ஆனைமலைக் காடு. சின்னாற்றில் மறுபடி கேரளம். மழை மறைவுப் பகுதி என்பதால் முள்காடும் பாறையும்தான் கண்ணில் படுகின்றன. யானைக்காகச் சாலையில் கால் மணி நேரம் காத்திருந்து மலையேறினால் மறையூர். கேரளத்தில் சந்தனம் தானாக வளரும் காடு இங்கேதான். சுற்றிலும் கரும்பு.

மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி சேர்ந்தது அஞ்சுநாடு. தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது இந்த ஊர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. இன்றும் தெருவில் கேட்பது பெரும்பாலும் தமிழ். பள்ளிக்கூடத்தில் தமிழும் மலையாளமும். மலைச்சரிவுக் குடிகளில் முதுவர்கள்.

மூணாறுக்குப் போகும் சாலையோரம் மற்றொரு பீப்பாய், மற்றொரு புகை. நடத்துவது ஒரு தமிழ்க் குடும்பம். மகன் எர்ணாகுளத்தில் கேட்டரிங் படித்துவிட்டு வந்தவன். கோழிக்குப் பூசும் விழுதில் காந்தலூர்ப் பூண்டு, மிளகு, அதோடு மறையூர் வெல்லப்பாகு கொஞ்சம். தணலில் வெல்லம் கருகாமல் இருக்க அதைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தடவ வேண்டும் என்று அம்மா திட்டிச் சொல்லிக்கொடுத்தாராம். வெல்லம் என்று நாம் சொல்வதை மலையாளத்தில் 'சர்க்கர' என்கிறார்கள். 'வெள்ளம்' என்று கேட்டால் தண்ணீர் வரும். இந்தக் கடையில் சுற்றுலாப் பயணிகள் இரண்டையும் குழப்பிக் கேட்பது தினசரி வேடிக்கை.

மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரும்புத் தோட்டத்துக் கொட்டகையில் காய்ச்சி, கையால் உருட்டிய உருண்டை. கறுப்பு கலந்த பழுப்பு நிறம், உப்பு குறைவு. தமிழ்நாட்டிலிருந்து வரும் மலிவு வெல்லம் மறையூர்ப் பெயரில் விற்கப்படுகிறது என்பது இங்கத்துக் கரும்பு விவசாயிகளின் நெடுநாள் புகார். புகார் சொல்பவர்களிலும் பலர் தமிழ் பேசுபவர்களே. எல்லை என்பது மொழியைப் பொறுத்ததல்ல, யார் நிலத்தில் எது விளைகிறது என்பதைப் பொறுத்தது என்று மறையூர் சொல்கிறது.

இந்த மலைக்கு அப்பால் மூணாறின் தேயிலைத் தோட்டங்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிப்பவர்கள் தமிழர்கள். 2015-ல் போனஸ் கேட்டுத் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்களே 'பெம்பிளை ஒருமை'ப் பெண்கள், அவர்கள்தான். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகள் புதைந்தபோது 70 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மூணாறுக்குக் குளிர் காய வரும் பயணிக்கு விடுதித் தோட்டத்தில் மூட்டிய நெருப்பும் சுட்ட கோழியும் மலை வாழ்வின் அடையாளம். லயன் வீட்டில் நெருப்பு சோற்றுக்கும் வெந்நீருக்கும் மட்டும்தான்.

இரவு எட்டு மணிக்கு மறையூர்க் கடைமுன் ஒரு ஜீப் நிற்கிறது. தோட்ட வேலை முடிந்து திரும்பும் ஆறு பேர். ஐந்து பெண்கள், ஒரு கிழவர். கார்க்காரர்களுக்குப் பின்னால் நின்று விலைப் பலகையைப் படிக்கிறார்கள். கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். முழுக் கோழி வேண்டாம், அரை போதும், பரோட்டா பன்னிரண்டு, குழம்பு கூட ஊற்றச் சொல்லு என்று முடிவாகிறது.

"தம்பி, நல்லா வெந்திருக்கா? புள்ளைக திங்கும்" என்கிறார் ஒருத்தி.

"பாருங்கக்கா" என்று அவன் வெப்பமானியைத் தொடையில் குத்தி, விளக்கு வெளிச்சத்தில் அவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறான். எண் 81. அவருக்கு அது எவ்வளவு என்று தெரிந்திருக்க நியாயமில்லை. என்றாலும் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையசைக்கிறார். பொட்டலத்தில் சீட்டு ஒட்டுகிறான். சமைத்த நேரம் மலையாளத்தில் அச்சாகியிருக்கிறது. அதன்கீழ் பேனாவால் தமிழில் எழுதுகிறான்: பத்து மணிக்குள் சாப்பிடவும்.

குழம்பை வாளியிலிருந்து ஊற்றிக் கொடுக்கிறான். அதற்குக் காசு இல்லை. இரண்டு மாநிலத்திலும் அதுதான் வழக்கம்.